டிலனாய் கோட்டைக்கு ஓர் அரைநாள் வேன் பயணம்

நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸ் நடத்தும் அரைநாள் வேன் பயணத்தில், பத்மநாபபுரம் அரண்மனையையும் அதற்குச் சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையையும் சென்ற மாதம் குடும்பத்தோடு பார்த்து வந்தேன். வண்டி சுத்தம், ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு வந்தார், அரண்மனையில் ஒன்றரை மணி நேரம் தாராளமாக விட்டார்கள். குறையெல்லாம் கோட்டையில்தான்.

ஒரு குன்றையே வளைத்துக் கருங்கல் மதில் எழுப்பிய இக்கோட்டையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் டிலனாய் கோட்டை என்பார்கள். 1741இல் டச்சுக் கம்பெனிக்காகக் குளச்சலில் போரிட்டு, மார்த்தாண்டவர்மாவின் படையிடம் பிடிபட்ட டிலனாய், பின்னர் அதே மன்னரிடம் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, பழைய கோட்டையைப் புதுப்பித்து, படைத்தளபதியாகவே இங்கு அடக்கமானார். எங்களுடன் வந்த வழிகாட்டியோ, “இது டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, பிள்ளைகளைப் பல்லுயிர்ப் பூங்காவின் பக்கம் அழைத்துச் சென்றுவிட்டார். தோற்றவரைக் கட்டியவராக்கி, கட்டுவித்த மன்னரை மறந்த அந்த வரிக்காகவே பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

கூரையிழந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறையும், அருகே அவருடைய மனைவி, மகன் ஆகியோரின் கல்லறைகளும் உள்ளன. அவருடைய கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். வழிப்போக்கரை நிற்கச் சொல்லித் தொடங்கும் இலத்தீன் வாசகம், அவர் ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக உழைத்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையிலான நாடுகளை அடக்கியதையும், 1777 ஜூன் 1ஆம் நாள் இறந்ததையும் கூறுகிறது. தமிழ் எழுத்துகளை என் மகள், கல்லைத் தொடாமல் விரலோட்டி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வரிக்கு வருமுன்பே வேனின் ஹாரன் கேட்டது. நில் என்கிறது கல், ஏறு என்கிறது ஹாரன், நாங்கள் ஏறிவிட்டோம்.

திரும்பியதும் அலுவலகத்தில் முறையிட்டேன். “அந்தக் கல்லறையில பாக்க என்ன சார் இருக்கு?” என்றார்கள். வயதானவர்களை அரண்மனைக்கு மட்டும் அழைத்துச் செல்வதானால் இந்த வேனில் தாராளமாகப் போகலாம். கோட்டையைப் பார்க்க விரும்புகிறவர்கள் தக்கலைக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து ஆட்டோ பிடிப்பதே மேல். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் வேறு நாளில் கிளம்புங்கள்.