வருகைக் கணக்கைக் காட்டி ரிலீவிங் லெட்டரை நிறுத்துகிறார்கள், உஷார்

இன்டர்வியூவில் "வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஃபீஸ் வந்தா போதும்" என்றார்கள். ஆஃபர் லெட்டரிலோ "பணியிடம் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது" என்று ஒரே வரி. நான் சேர்ந்த கொஞ்ச நாளில் வாரம் முழுக்க வரச்சொல்லி மெயில் வந்தது. போனேன்.

வாசலில் கார்டு காட்டிய நேரம், லேப்டாப் ஆஃபீஸ் வைஃபையில் இணைந்த நேரம், வெளியிலிருந்து விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கம்பெனி நெட்வொர்க்கில் நுழைந்த நேரம், எல்லாவற்றையும் சேர்த்து எச்.ஆர். ஒரு எக்செல் ஷீட் வைத்திருந்தது. என் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்புக் கட்டங்கள். அதில் ஒரு நாள், நான் மேனேஜருக்கு எதிரில் உட்கார்ந்து ரிவ்யூ முடித்த நாள்! ஒருவர் கார்டு காட்டித் திறந்த கதவில் நாலைந்து பேர் சேர்ந்தே நுழைவது அங்கே தினமும் நடப்பதுதான். மேனேஜரே எடுத்துச் சொல்லியும், "சிஸ்டத்துல ஆப்சென்ட்னு இருக்கே" என்றார்கள்.

அந்த ஷீட் எதற்கென்று ராஜினாமா கொடுத்தபோதுதான் புரிந்தது. வருகை குறைவு என்று வேரியபிள் பே, அதாவது சம்பளத்தில் செயல்பாட்டைப் பொறுத்து மாறும் தொகையைத் தராமல் பிடித்துக்கொண்டார்கள். சிவப்பு நாட்களுக்கு ஈடாக நோட்டீஸ் பீரியடை, அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய காலத்தை, நீட்டச் சொன்னார்கள். வேலையிலிருந்து முறைப்படி விடுவித்துவிட்டோம் என்று தரும் ரிலீவிங் லெட்டரைக் கேட்டால் இழுத்தடிப்பு. புதுக் கம்பெனியோ சேரும் தேதியைக் கேட்டு நெருக்கியது. போதாததற்கு, "போட்டி கம்பெனியில சேரமாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க" என்ற மிரட்டல் வேறு.

இந்த மிரட்டலுக்கு மட்டும் பணியாதீர்கள். வேலையை விட்ட பிறகும் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. கலிபோர்னியாவிலும் அப்படித்தான். ஆனால் பயிற்சிச் செலவுக்கான பாண்ட், நோட்டீஸ் காலத் தொகை, கம்பெனி ரகசியம் இவை வேறு விஷயம். அவற்றைக் காட்டி வழக்குப் போட முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை செய்பவர்கள் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, தங்கள் கார்டு, வைஃபை பதிவுகளின் நகலைக் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தந்தாக வேண்டும்.

ராஜினாமா மெயில் போடுவதற்கு முன்பே ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, உங்கள் வருகைப் பதிவு, வீட்டிலிருந்து வேலை செய்யக் கிடைத்த அனுமதி எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெயில் ஐடியை அன்றைக்கே முடக்கினாலும் முடக்குவார்கள். கம்பெனி ஃபைல்களை மட்டும் தொடவே வேண்டாம், அதையே பெரிய குற்றமாக்கிவிடுவார்கள்.

அந்த ரிவ்யூ மீட்டிங் அழைப்பை இணைத்து, ஷீட்டின் நகலை எழுத்தில் கேட்ட பிறகுதான் எனக்கு லெட்டர் வந்தது. பிடித்த பணம் இன்னும் வரவில்லை. விடப்போவதில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.