சீனர் மேசையில் ஒரே தமிழராக: சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தில் மதியச் சாப்பாடு

சிங்கப்பூர் அலுவலகங்களில் பன்னிரண்டு மணி ஆனதும் குழுக் குழுவாக எழுந்து சாப்பிடப் போவார்கள். குழுவில் மற்ற எல்லோரும் சீனராக இருந்து நீங்கள் ஒருவர் மட்டும் தமிழர் என்றால், அந்த ஒரு மணி நேரம் வேலையைவிடக் கனமாக இருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. அதனால் இப்படியொரு மேசை அமைவது சர்வசாதாரணம். புதிதாக வந்த தமிழருக்கு அந்த நேரத்தில் எந்த இடம் கைகொடுக்கிறது என்ற கண்ணோடு உணவங்காடி நிலையத்தை, பேச்சுவழக்கில் ஹாக்கர் சென்டரை, எடைபோட்டிருக்கிறோம்.

முதலிலேயே சொல்லிவிடலாம்: இதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. 1970களிலும் 80களிலும் தெருவோர வியாபாரிகளைக் கூரைக்குக் கீழ் கொண்டுவரக் கட்டியவை இவை. சீனக் கடை, மலாய்க் கடை, இந்தியக் கடை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மேசை எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. ஒருவர் மீன் சூப், ஒருவர் நாசி படாங் (சோறும் பலவகைக் கறிகளும் சேர்ந்த மலாய்ச் சாப்பாடு), நீங்கள் தோசை என்று வாங்கிவந்து சேர்ந்து உட்காரலாம். ‘உனக்கு மட்டும் ஏன் வேறு?’ என்ற கேள்விக்கே இடமில்லை. உணவகத்தில் ஒரே மெனுவுக்குள் உங்களுக்காகத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டிய சங்கடம் இங்கே வராது. 2020 டிசம்பரில் இந்த ஹாக்கர் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது சரியான மரியாதை.

பலரும் கவனிக்காத சிக்கல் நேரம். உங்கள் இந்தியக் கடை கோடியில் இருக்கும், மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸை ஒவ்வொரு தட்டாகப் பிரட்டுவார்கள். நீங்கள் தட்டோடு திரும்பும்போது மற்றவர்கள் பாதி முடித்திருப்பார்கள். கடைசியில் அவர்கள் காத்திருக்க, நீங்கள் ஒருவர் மட்டும் அவசரமாக விழுங்கவேண்டியிருக்கும். வேற்றாள் என்ற உணர்வு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நெரிசல் நேரத்தில், தயாராக வைத்திருக்கும் கடைகளைப் பாருங்கள்: பிரியாணி, நாசி படாங், அல்லது சீனக் கலவைச் சோற்றுக் கடை. இடம் பிடிக்க டிஷ்யூ பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் தாமதிக்காமல் கிளம்புங்கள். நீண்ட வரிசை உள்ள கடைக்குப் போகிறவர் முதலில் நகரட்டும்.

கலவைச் சோற்றுக் கடையை, அதாவது ‘சாய் பெங்’ கடையை, நிதானமாகப் பார்ப்போம். கண்ணாடிக்குப் பின்னால் இருபது முப்பது தட்டுகள். விரல் நீட்டிக் காட்டினால் போதும், பெயர் தெரியவேண்டியதில்லை. ஒரு கறியும் இரண்டு காயும் பெரும்பாலும் நாலைந்து வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடியும். மீனும் இறாலும் விலையைத் தூக்கிவிடும், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் ஏமாறும் இடமும் இதுதான். கத்தரிக்காயிலும் மாப்போ தோஃபுவிலும் பன்றிக் கொத்துக்கறி கலந்திருக்கும். கங்குங் கீரையில் பெலாச்சான், அதாவது இறால் விழுது, சேரும். முட்டைக்கோஸில் காய்ந்த இறால் கிடக்கலாம். பார்க்கப் பச்சையாக மின்னும் கீரையில் சிப்பி சாஸ் ஊற்றியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடுக்கி. இதையெல்லாம் தாண்டினாலும், சோற்றைப் போட்டவுடன் கடைக்காரர் பழக்கதோஷத்தில் இறைச்சிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றிவிடுவார். ‘நோ கிரேவி, அங்கிள்’ என்று தட்டு கைக்கு வருமுன்னே சொல்லவேண்டும்.

கண்டிப்பான சைவம் என்றால் பௌத்த சைவக் கடைதான் ஒழுங்கு. பெயர்ப்பலகையில் சைவத்தைக் குறிக்கும் 素 எழுத்தைத் தேடுங்கள். அங்கே பொதுவாக வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. முட்டை சேரலாம், கேளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் வரிசை நீளும், அன்று சைவம் சாப்பிடும் சீனர்கள் நிறைய. கருணைத் தெய்வமான குவான் யின் வழிபாட்டால் மாட்டிறைச்சியை அடியோடு தவிர்ப்பவர்களும் உண்டு. மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்லத் தயங்கும் தமிழர்களுக்கு இது தெரிவதில்லை. சொன்னால் மேசையில் இன்னொருவரும் ‘எனக்கும்தான்’ என்பார். தமிழ் முஸ்லிம்களுக்கு ஒரு குறிப்பு: ‘பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்ற அறிவிப்பும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. பல நிலையங்களில் ஹலால் தட்டுகளைத் திருப்பி வைக்கத் தனி அடுக்கு இருக்கும். மற்றவர்களின் தட்டோடு சேர்த்து அடுக்கிவிடாதீர்கள்.

2021 செப்டம்பர் 1 முதல் தட்டைத் திருப்பி வைப்பது சட்டம். முதல் தடவை எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி அபராதம். சாப்பிட்டு எழும்போது பக்கத்தில் இருப்பவர் தட்டையும் எடுத்துப் போவது சின்ன வேலைதான், ஆனால் நன்றாக எடுபடும்.

பானக் கடையில் வெறும் ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் போட்டு இனிப்பாக வரும். ‘கோப்பி ஓ’ பால் இல்லாமல் சர்க்கரையோடு, ‘கோப்பி சி’ ஆவியாக்கிய பாலும் சர்க்கரையும். ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை கிடையாது, ‘சியூ தாய்’ என்றால் குறைந்த இனிப்பு, ‘பெங்’ என்றால் ஐஸ். தேநீருக்கும் இதே வரிசைதான். மேசையில் எல்லோருக்கும் சேர்த்து நீங்களே ஒருமுறை சொல்லி வாங்கிவாருங்கள். காசைப் பிறகு பேநவ் என்ற கைபேசிப் பணப்பரிமாற்றம் வழியாகத் திருப்பிவிடுவார்கள். புதியவர் குழுவுக்குள் நுழைய இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இனி, இந்த இடத்தால் தீர்க்கமுடியாதது: பேச்சு. உணவு தனித்தனி, பேச்சு பொது. ஆறேழு பேர் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு மாண்டரின் சீனத்துக்குச் சாய்ந்துவிடும். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று 48.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். எனவே உங்கள் சகாக்களுக்கு ஆங்கிலம் வராததால் அல்ல, சிரிப்பும் கிண்டலும் மாண்டரினில் சுலபமாக வருவதால்தான் மாறுகிறார்கள். வேண்டுமென்றே ஒதுக்குவது அரிது. ஆனாலும் வலி வலிதான், அதை அற்பம் என்று யாரும் தள்ளக்கூடாது. மேசையின் கோடியில் உட்காராதீர்கள், நடுவில் உட்காருங்கள். பேச்சு மாறியதும் போனை எடுத்தால் நீங்கள் விலகிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ‘என்ன சொன்னார்?’ என்று ஒருமுறை கேட்டால், பெரும்பாலும் மேசை முழுவதுமே ஆங்கிலத்துக்குத் திரும்பும். வாரக்கணக்கில் கேட்டும் திரும்பாத குழு என்றால் குறை உங்களிடம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அவர்களோடு போய், மற்ற நாட்களில் இருவர் மூவராகச் சாப்பிடுங்கள். நான்கு பேருக்கு மேற்பட்ட மேசையில் பேச்சு எப்படியும் பிளவுபடும்.

ஒப்பிட்டால், ‘ட்ஸீ சார்’ உணவகமும் (சொன்னதும் சமைத்துத் தரும் சீன உணவகம்) ஸ்டீம்போட்டும் (மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் வேகவைத்துச் சாப்பிடுவது) புதியவருக்குக் கடினம். நடுவில் வைத்து எல்லோரும் பகிர்வதால் உங்கள் விலக்குகள் எல்லோருடைய விலக்குகளாகிவிடும். ட்ஸீ சார் என்றால் ஆர்டர் சொல்லுமுன் இரண்டு வகையை நீங்களே முன்மொழியுங்கள்: பாகற்காய் முட்டைப் பொரியல், சூடான இரும்புத் தட்டில் வரும் தோஃபு. தோஃபுவில் கொத்துக்கறி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டீம்போட்டில் நடுவில் தடுப்பு வைத்த இரட்டைச் சட்டி கேளுங்கள். ஒரு பக்கம் காளான் சூப் இருந்தால் சமாளிக்கலாம், அப்போதும் கரண்டி மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பதிலுக்கு நீங்கள் சகாக்களைச் சாப்பிட அழைக்க நினைத்தால் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையம் பொருத்தமான இடம். இந்தியக் கடைகள் அதிகம், ஆனால் வாத்துச் சோறு விற்கும் சீனக் கடையும் மலாய்க் கடையும் அங்கேயே இருப்பதால் யாரும் கட்டாயத்துக்குச் சாப்பிடவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, வாரநாளில் பதினொன்றரைக்கே போய்விடுங்கள். காரத்துக்குப் பழகாதவருக்குப் பிராட்டாவும் (பரோட்டா) பருப்புக் குழம்பும் முதலில் வாங்கிவையுங்கள், மீன் தலைக் கறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.