ஆக்சில் மரைக்கு அரமா, டை நட்டா, லேத் பட்டறையா?

பழைய கார் ஆக்சிலின் முனையில் மரை, அதாவது நட் ஏறும் திருகு வரி, கெட்டுவிட்டால் காசு போகும் வழி மூன்றுதான். சதுரக் கம்பி மாதிரி இருக்கும் மரை அரம், நட் மாதிரி ஏற்றி மரையைத் திருத்தும் ஆறு பட்டை டை நட், கடைசியாக லேத் பட்டறை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் பலரும் நேராக மூன்றாவதுக்குப் போகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது அரம். முனையில் மட்டும் அடிபட்ட ஆக்சிலுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

மரை எப்படிக் கெட்டது என்று தெரியாமல் கருவி வாங்கக் கூடாது. 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) இதற்கு நல்ல உதாரணம். கூம்பு வடிவ ஆக்சிலில், வழுக்காமல் பிடிக்கும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டோடு ஹப் இறுகி உட்கார்ந்திருக்கும், லேசில் வராது. ஹப்பை இழுத்துக் கழற்றும் சரியான புல்லர் இல்லாத இடத்தில் நட்டைக் கழற்றிவிட்டு ஆக்சில் முனையில் சுத்தியலால் போடுவார்கள். முனை காளான் குடை மாதிரி விரியும், முதல் இரண்டு மூன்று மரை நசுங்கும். நட்டை முழுக்கக் கழற்றாமல், முனையோடு சமமாக நிற்கும்படி விட்டிருந்தாலே இந்தச் சேதம் பாதி குறைந்திருக்கும். இன்னொரு வழி, நட் கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின் உடைந்து, அதன் துண்டு துளைக்குள் இருக்கும்போதே நட்டைத் திருப்புவது. அது மரையை நீளவாக்கில் உழுதுகொண்டே வெளியே வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றுத் துரு கூடுதல் தொல்லை. அங்கே மரை நசுங்கியிருக்காது, குழி விழுந்திருக்கும். குழியை எந்தக் கருவியும் நிரப்பாது.

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு, நல்ல நட் ஒன்றைக் கையால் மட்டும் ஏற்றிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒன்றரைச் சுற்றில் முட்டி நின்றால் சேதம் முனையில். கடைசிவரை ஏறி, நட் அப்படியும் இப்படியும் ஆடினால் மரையின் உயரமே தேய்ந்துவிட்டது. அரம் வாங்கிப் பயனில்லை. ஆறேழு சுற்று தொளதொளவென்று ஏறிவிட்டுப் பிறகு இறுகினால் நட்டே தவறு. ஆறு நூல் ஆக்சிலில், அதாவது 3/4 அங்குலத்தில், எம்20 (20 மி.மீ.) மெல்லிய மரை நட்டை மாட்டினால் இப்படித்தான் ஆகும். அதைப் பைப் போட்டு இறுக்குகிறவர்கள்தான் பட்டறைகளுக்கு வேலை கொடுக்கிறார்கள்.

மரைக்கு மரை உள்ள இடைவெளியை, அதாவது பிட்சை, பார்க்கும் பிட்ச் கேஜை மட்டும் நம்பினால் ஏமாறலாம். 3/4 யு.என்.எஃப். (அங்குல அளவு மெல்லிய மரை) என்றால் அங்குலத்துக்கு 16 பல், ஒரு பல்லுக்கு 1.5875 மி.மீ. எம்20-இன் மெல்லிய மரை 1.5 மி.மீ. இரண்டு பல்லில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பத்துப் பல்லை வெர்னியரில் அளந்தால் ஒன்று 15.9, இன்னொன்று 15.0, சந்தேகத்துக்கு இடமில்லை. 14 பல்லும் 1.75 மி.மீ.யும் இதே மாதிரி இரட்டைப் பிள்ளைகள், பத்துக்கு 18.1, 17.5. வெளி விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 3/4 யு.என்.எஃப். ஆக்சிலின் மரை உச்சி 18.77 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் சாதாரணப் பொருத்தத்தின் எல்லையையே தாண்டிவிட்டது என்று பொருள்.

மரையின் இரு பக்கச் சரிவுக்கு நடுவே உள்ள கோணம்தான் அடுத்த கண்ணி. யு.என்.எஃப்., மெட்ரிக் இரண்டும் 60 பாகை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் பி.எஸ்.எஃப்., விட்வொர்த் மரைகள் 55 பாகை. ஐந்து நூல் பி.எஸ்.எஃப்., ஏழு நூல் யு.என்.எஃப். இரண்டுக்கும் 14 பல்தான். கேஜ் இரண்டிலும் ஏறக்குறைய உட்காரும். 60 பாகை அரத்தை 55 பாகை மரையில் ஓட்டினால் நல்ல பக்கங்களும் சேர்ந்து போகும். 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து 60 பாகை மரைக்கு ஒப்புக்கொண்டன. அதனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆஸ்டின் மாதிரி வண்டி என்றால் 55, அம்பாசிடர் காலத்து வண்டி என்றால் பெரும்பாலும் 60 என்று தொடங்கலாம். தொடங்கத்தான் முடியும், முடிவு கேஜ் கையில்.

இனி அரம். இரண்டு முனை, முனைக்கு நான்கு முகம், மொத்தம் எட்டு பிட்ச். அங்குல அரம் ஒன்று, மெட்ரிக் அரம் ஒன்று வாங்கினால் அம்பாசிடர், ஹெரால்டு, ஜீப், ஃபியட் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். விட்டம் எதுவானாலும் கவலையில்லை, பிட்ச் பொருந்தினால் போதும். இடமரை ஆக்சிலுக்கும் அதே அரம், சாய்வை மாற்றிப் பிடித்தால் சரி. சில பிரிட்டிஷ் ஆக்சில்களில் இடப்பக்கம் இடமரை வரும். அதற்கு டை நட் தேடி அலைபவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே அரம் தகும்.

பிடிக்கிற விதம் முக்கியம். அரத்தின் வரிகளில் பாதிக்கு மேல் உள்பக்கத்து நல்ல மரையில் உட்கார வேண்டும், மீதிதான் கெட்ட இடத்தில். நல்ல மரை தண்டவாளம், கெட்ட மரை அதைப் பின்தொடரும். மரை ஓடும் திசையிலேயே முன்னால் தள்ளி, தூக்கி, திரும்ப வைக்க வேண்டும். இழுக்கும்போது அழுத்தினால் அரத்தின் பல்தான் மழுங்கும். நாலைந்து தள்ளுக்கு ஒருமுறை ஆக்சிலைக் கால் சுற்று திருப்ப வேண்டும். முதலில் நசுங்கிய இடம் மட்டும் வெள்ளியாக மின்னும், பக்கத்து மரை கருப்பாகவே இருக்கும். கருப்பு மரையும் மின்ன ஆரம்பித்தால் நிறுத்துங்கள். பிட்ச் தவறு, அல்லது சாய்வு தவறு. காளான் மாதிரி விரிந்த முனையைச் சாதா அரத்தால் 45 பாகைக்குச் சரித்துவிட்டுத் தொடங்கினால் வேலை பாதி நேரம்.

அரத்தின் குறை என்ன? மெதுவானது. முனை கடினப்படுத்தப்பட்டிருந்தால் வழுக்கும். மலிவு அரத்தில் பிட்ச் எண் மட்டும்தான் ஒழுங்காக இருக்கும், பல் இருக்காது. புதுசை வாங்கும்போதே ஒரு நல்ல போல்ட்டில் வைத்துப் பாருங்கள், எல்லா வரியும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும்.

டை நட் வேகமானது, அதனாலேயே ஆபத்தானது. நசுங்கிய முனையில் நேராக ஏற்றினால் அது பழைய மரையைத் தேடாது, தனக்கு வசதியான புது வழியை வெட்டிக்கொண்டு போகும். முதல் இரண்டு மரையை அரத்தால் திறந்துவிட்டு, கையால் ஒரு முழுச் சுற்று தானாக ஏறிய பிறகே ஸ்பேனர் போட வேண்டும். கட்டிங் ஆயில் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. தூள் மாதிரி பிசிறு வந்தால் சரி. சுருள் சுருளாக வந்தால் அது மரையைச் சரிசெய்யவில்லை, புதிதாக வெட்டுகிறது. பிட்ச் உறுதியாகத் தெரிந்த ஒரே அளவு டை நட் மட்டும் வாங்கினால் போதும். பெரிய பெட்டி செட் வீண் செலவு.

காசே இல்லாத வழி ஒன்றும் உண்டு, டெல்டா ஃபிட்டர்கள் நன்றாகச் செய்வார்கள். புது நட்டை ஹாக்ஸாவால் இரண்டாக அறுத்து, பிசிறு எடுத்து, உள்பக்க நல்ல மரையில் இரண்டு பாதியையும் வைத்து, கிளிப் போட்டு இறுக்கி, வெளியே நோக்கித் திருப்பிக்கொண்டு வருவது. வெளியே வரும்போது நசுங்கல் நிமிரும். அறுக்க வண்டியின் சொந்த நட்டை எடுத்துவிடாதீர்கள்.

லேத் பட்டறைக்குப் போக வேண்டியது மரை முழு நீளத்துக்கும் கிழிந்திருந்தால், அல்லது முனையோடு, லேத்தில் பிடிக்க நடுவில் இருக்கும் சென்டர் குழியும் போயிருந்தால். டெல்டா பட்டறைகள் டிராக்டர், பம்ப்செட், அறுவடை இயந்திர வேலைகளில் கைதேர்ந்தவை. சம்பா அறுவடை நேரத்தில், தை மாசியில், உங்கள் ஹாஃப் ஷாஃப்ட் (ஒரு பக்க ஆக்சில்) ஓரமாகத்தான் கிடக்கும். குறுவைக்கு முன் போவது நல்லது. இன்னொன்று, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கடைபவரின் கை வேறு, இது வேறு. பித்தளை மன்னிக்கும்.

லேத் ஓட்டும் டர்னரிடம் கேட்க வேண்டியது மூன்று. முதலில், சென்டர் குழியைச் சரிசெய்த பிறகுதான் மரையைத் தொடுவாரா? சுத்தியல் பட்ட குழியை நம்பி இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்தால் மரை ஒரு பக்கம் ஆழமாக, ஒரு பக்கம் மேலாக விழும். அடுத்து, லேத்தில் வெட்டும் டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலமா மெட்ரிக்கா? அங்குலத்துக்கு நான்கு பல் லீட் ஸ்க்ரூவில் 16 பல் எங்கே பிடித்தாலும் பொருந்தும். 14 பல்லுக்கு, எங்கே பிடிப்பது என்று காட்டும் சேசிங் டயலைப் பார்க்க வேண்டும். மெட்ரிக் லேத்தில் 127 பல் கியர் இல்லாமல் அங்குல மரை துல்லியமாக வராது. மூன்றாவது, டூலைப் பழைய மரையின் பள்ளத்தில் உட்காரவைத்துப் பிடிப்பாரா, இல்லை புதிதாகவே ஓட்டுவாரா? பொறுமையான ஆள், டூலை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் ஹாஃப் நட்டைப் போட்டு, பின்னடைவு (கியர் தொளதொளப்பு) போகும்வரை கையால் சுற்றி, டூலைத் தாங்கும் காம்பவுண்டை நகர்த்தி டூலைப் பள்ளத்தில் இறக்கி, 0.05 மி.மீ.யாக எடுப்பார். இந்தக் கேள்விக்குச் சிரிக்கிற இடத்தில் ஆக்சிலை விட்டுவிட்டு வராதீர்கள்.

வெல்டிங் நிரப்பி மரை வெட்டித் தருகிறோம் என்பது பல இடத்தில் கிடைக்கும் சேவை. பம்ப் ஷாஃப்ட்டுக்கு ஓடும். ஹாஃப் ஷாஃப்ட்டுக்கு வேண்டாம். வெல்டின் சூடு ஏறிய எல்லை சாவிப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஹெரால்டில் அந்த முனை உடைந்தால் ஹப்போடு சக்கரம் தனியாகப் போகும். மரையைச் சிறிதாகக் கடைந்து ஸ்பெஷல் நட் போடுவது அதைவிடப் பரவாயில்லை என்பார்கள், ஆனால் அடுத்து திறக்கிறவருக்கு அந்த நட் எது என்றே தெரியாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் வேறு ஹாஃப் ஷாஃப்ட் தேடுவதே சரி.

மாட்டும்போது நட்டும் ஸ்பிளிட் பின்னும் புதிது. பழைய நட்டுக்குள்ளும் அதே சேதம் இருக்கும், அது சரிசெய்த மரையை முதல் இறுக்கிலேயே மறுபடி கடிக்கும். பின் துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறைச் சிறிய டிரில்லைக் கையால் சுற்றி எடுத்துவிடுங்கள். கூம்பில் கிரீஸ் வேண்டாம், காய்ந்திருக்கட்டும். துளை நேராக வரவில்லையென்றால் நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் இறுக்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் வாஷரை மாற்ற வேண்டும்.