‘வொர்க் வொர்க்’: வியூக கேம் குரல்களைக் கேட்டு இருபது வருடம்

வார்கிராஃப்ட் 3 என்கிற கம்ப்யூட்டர் வியூக கேம் வந்தது 2002-இல். என் கைக்கு வந்தது இரண்டு வருடம் கழித்து, ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்குக் காசு ஓடிக்கொண்டிருக்க, நான் கோட்டையும் கட்டவில்லை, படையும் சேர்க்கவில்லை. ‘பியான்’ என்கிற பச்சைத் தோல் கூலியாளைத் திரும்பத் திரும்பக் கிளிக் செய்துகொண்டிருந்தேன். முதலில் ‘சம்திங் நீட் டூயிங்?’ என்று பணிவாகக் கேட்பான். விடாமல் நோண்டினால் ‘மீ பிஸி, லீவ் மீ அலோன்!’ என்று சிடுசிடுப்பான். அதற்கும் அடங்காவிட்டால் ‘மீ நாட் தட் கைண்ட் ஆஃப் ஓர்க்!’ (ஓர்க் என்பது அவனுடைய இனத்தின் பெயர்.) இதைக் கேட்க வைப்பதற்காகவே பக்கத்து சீட்டு பையன்களை இழுத்து வந்து காட்டியிருக்கிறேன்.

இந்தக் குறும்பு அந்த வரிசையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1995-இல் வந்த இரண்டாம் பாகத்தில் சும்மா மேய்கிற ஆட்டைத் தொடர்ந்து கிளிக் செய்தால் வெடித்துச் சிதறும். முதல் இரண்டு பாகங்களிலும் பெரும்பாலான வீரர்களுக்குக் குரல் கொடுத்த பில் ரோப்பர், அந்த கேமை உருவாக்கிய நிறுவனத்திலேயே கேம் தயாரிப்பில் இருந்தவர். வீட்டு ஆளே மைக்கைப் பிடித்தால் வரும் கிறுக்குத்தனம் அதில் நன்றாகவே தெரியும்.

ஆனால் இருபது வருடம் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சிடுசிடுப்பு வசனங்கள் ஒரே மாதத்தில் புளித்துவிட்டன. இப்போது விளையாடும்போது யாரையும் நோண்டுவதே இல்லை. புளிக்காதது எது தெரியுமா? பியான் வேலைக்குக் கிளம்பும்போது சொல்கிற ‘வொர்க், வொர்க்.’ காரணம், அது நகைச்சுவைக்காக மட்டும் வைத்த குரல் அல்ல. கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கான ரசீது. கண் சண்டையில் இருக்கும்போது காதுக்கு அது போதும். திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறக்கும்போது என் வாயிலும் அதுதான் வருகிறது.

ஸ்டார்கிராஃப்ட் இன்னும் விசித்திரம். 1998-இல் வந்த அந்த கேமில் புரோட்டாஸ் இனத்தை எடுத்து ஆடினால், இடம் தீர்ந்த பிறகும் ஆள் சேர்க்கப் பார்த்த கணத்தில் ஒரு கம்பீரக் குரல், இன்னும் பைலன் (படைக்கு இடம் தருகிற கட்டடம்) கட்ட வேண்டும் என்று அறிவிக்கும். ஒரு பைலனுக்கு 8 இடம்தான். எட்டும் நிரம்பியதும் மறுபடி அதே குரல், அதே கம்பீரம். எழுதியவர்கள் அதை ஜோக்காக நினைத்திருக்க மாட்டார்கள். எதிரி வாசலில் நிற்க, நாம் பைலன் கட்ட மறந்துபோய் நிற்க, அந்தக் குரல் பதற்றமே இல்லாமல் சொல்கிறதே, அதில்தான் சிரிப்பு. ரேஷன் கடையில் ‘சரக்கு தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க’ என்பதைக் கேட்ட மாதிரி இருக்கும்.

ஸ்ட்ராங்ஹோல்ட் குருசேடர் என்கிற கேமில் எலி, பாம்பு, பன்றி, ஓநாய் என்று பட்டப்பெயர் வைத்த பிரபுக்கள் திரையின் ஓரத்தில் முகம் காட்டி மிரட்டுவார்கள். எலியின் புலம்பல் மட்டும் நினைவில் நிற்கிறது. மற்றவர்கள் பேச ஆரம்பித்தாலே இப்போது எனக்கு எரிச்சல்.

நீண்ட காலம் உழைத்தது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தான். 1999-இல் வந்தது, இன்றும் வாரம் இரண்டு இரவு ஓடுகிறது. இதில் அரட்டைப் பெட்டியில் எண்ணை அடித்தால் எல்லோருக்கும் ஒரு குரல் கேட்கும். 11 அடித்தால் சிரிப்பு. 14, சீக்கிரம் ஆட்டத்தைத் தொடங்கு என்கிற அதட்டல். 20, என் பாட்டிகூட இதைவிட நன்றாகச் சண்டை போடுவாள். 30 அடித்தால் முதல் பாகத்துப் பூசாரி நம் ஆளை மந்திரம் போட்டு எதிரிப் பக்கம் இழுக்கும்போது பாடுகிற ‘வொலோலோ.’ தோற்றவனிடம் 13: ஆமாமா, எல்லாம் உன் இன்டர்நெட் கம்பெனியின் தப்புதான். டயல்-அப் காலத்தில் எழுதிய கிண்டல், ஃபைபர் இணைப்பு வந்தும் மாறாமல் பொருந்துகிறது. என் சித்தப்பா மகன் போன வாரம்கூட அந்தச் சாக்கைத்தான் சொன்னான். 13 அடித்தேன். பதிலுக்கு 20 வந்தது.

இந்த எண்களும் நோண்டுகிற ஜோக் மாதிரிதானே, ஏன் புளிக்கவில்லை என்று நானே கேட்டுக்கொண்டதுண்டு. ஆள் தெரிந்து, நேரம் பார்த்து அடிக்கிறோம், அதனால்தான் என்று நினைக்கிறேன். விடாமல் 11 அடிக்கிறவனோடு அடுத்த ஆட்டத்தில் யாரும் சேர மாட்டார்கள்.

இதில் நாம் எந்த இனத்தை எடுத்து ஆடுகிறோமோ, அதன் குடியானவர்கள் அந்த இனத்தின் மொழியில் பேசுவார்கள். மரம் வெட்ட அனுப்பினால் ஒரு சொல், கட்டடம் கட்ட அனுப்பினால் வேறு சொல். பைசாந்தியர் பேசுவது லத்தீன். பொருள் தெரியாமலே எந்த ஒலிக்கு எந்த வேலை என்று காது பழகிவிட்டது. மரத்தில் கிளிக் செய்ததாக நினைத்து ஆட்டில் செய்திருந்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும்.

2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கத்தில் திராவிடர்களும் ஓர் இனமாக வந்தார்கள். திரிசடைக் கப்பல், உருமி (மேளம் அல்ல, சுருள்வாள்) வீரர், ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் இலவசம், எல்லாம் சரி. பேசுவது தமிழ்! இருபது வருடமாக வெறும் ஒலியாகக் கேட்டுப் பழகிய இடத்தில் திடீரென்று சொல் புரிந்ததும் முதல் சில ஆட்டங்களில் கவனமே நிற்கவில்லை. வேலை சொல்லி அனுப்பினால் பதில் வருகிறது, நானும் பழக்கத்தில் ‘சரி’ என்கிறேன். ஒரு குறை, எண் அடித்தால் வரும் கிண்டல்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான். அந்தப் பாட்டி வசனம் தமிழில் இருந்தால் என் சித்தப்பா மகன் கதி என்ன ஆகியிருக்கும்!

ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு ஹெட்செட் மாட்ட மறந்து ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து வந்து கதவருகே நின்றார்.

“யாருடா வந்திருக்கறது?”

“விறகு வெட்டுறவங்கம்மா.”

“இந்த நேரத்துலயா?”