டெல்டா மண்ணில் வண்ணச் சுவர்கள்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

காவிரிப் படுகையில் வீட்டின் உட்சுவரை அழகுபடுத்த நினைப்பவர்கள் வண்ண அட்டையைப் பிரிப்பதற்கு முன்பு அந்தச் சுவரில் ஓதம், அதாவது நிலத்து ஈரம், எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இத்தனை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் உறுதியான கருத்து. மயிலாடுதுறைக்குக் கிழக்கே, பாசன வாய்க்காலை ஒட்டிய களிமண் மனையில் 2016இல் எங்கள் வீட்டைக் கட்டி முடித்தோம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விருப்பம் இருந்ததால் அறைக்கு ஒரு விதமாகச் சுவர்கள் அமைந்தன. கூடத்தில் ஒரு சுவருக்கு டெக்ஸ்சர் பூச்சும் மற்றச் சுவர்களுக்கு எமல்ஷன் வண்ணமும் அடித்தோம். கீழ்ப் படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டில் பிவிசி பேனல் பதித்தோம். மாடி அறைக்கு வால்பேப்பர் ஒட்டினோம். பூசை அறைக்கும் திண்ணையிலிருந்து உள்ளே வரும் நடைக்கும் என் மாமியாரின் விருப்பப்படி காவி கலந்த சுண்ணாம்பு பூசினோம். ஒரே மண்ணில், ஒரே மழையில் இவை அனைத்தும் எப்படித் தாக்குப்பிடித்தன என்பதை அருகருகே பார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது.

ஓதத்தின் போக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12இல் திறக்கப்படும் ஆண்டுகளில், தண்ணீர் கடைமடை வந்து வாய்க்கால் நிறைந்த சில வாரங்களிலேயே எங்கள் கிணற்றின் மட்டம் உயர்ந்துவிடும். அதைத் தொடர்ந்து ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும். செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியே நிலத்தின் ஈரம் மேலே ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஈரம் காற்றில் ஆவியானபின் உப்பு மட்டும் சுவரிலேயே தங்கிப் படிகமாகி, தனக்கு மேலுள்ள பூச்சைத் தள்ளுகிறது. ஆகவே சுவர் உரியத் தொடங்குவது பெரும்பாலும் மழை நாட்களில் நிகழ்வதில்லை. மழை ஓய்ந்து சுவர் காயும் மாசி, பங்குனியில்தான் நிகழ்கிறது. அடித்தளத்துக்கு மேல் போடும் டிபிசி எனப்படும் ஈரத்தடுப்புப் படலம் முழுமையாக இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். பக்கத்து மனையின் மண் அந்த மட்டத்துக்கு மேல் ஏறிக் கிடந்தாலோ, வாசல் தளத்தை உயர்த்திப் போட்டுவிட்டாலோ அந்தப் படலம் இருந்தும் பயனில்லை. எங்கள் வடக்குச் சுவரில் நடந்தது அதுதான்.

அந்த வடக்குச் சுவரில் சுவரை வழவழப்பாக்கும் பட்டி பார்த்து, அடிப்பூச்சான பிரைமர் அடித்து, அதன் மேல் இளமஞ்சள் எமல்ஷன் அடிக்கப்பட்டிருந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் கண்ணாடிபோல் இருந்தது. பிறகு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கொப்புளங்கள் எழுந்தன. அழுத்தினால் உள்ளே வெண்மையான உப்புத்தூள் உதிர்ந்தது. எமல்ஷன் உலர்ந்ததும் ஒரு படலமாக மாறுவதால், சுவருக்குள் வந்த ஈரம் எளிதாக வெளியேற முடிவதில்லை. ஓர் ஒப்பந்ததாரர் வந்து, உரிந்த பகுதியை உப்புத்தாளால் தேய்த்து, நீர்புகாப் பூச்சு ஒன்றைத் தடவி, மேலே மீண்டும் வண்ணம் அடித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவர் பூசிய இடம் நன்றாக இருந்தது, அதற்கு ஒரு சாண் மேலே புதிய கொப்புளங்கள் வந்தன. உள்ளே ஏறும் நீருக்குக் கீழ்வழி அடைபட்டதும் அது மேல்வழியைத் தேடிக்கொண்டது. இதே எமல்ஷன் மாடியிலும் வீட்டின் நடுச்சுவர்களிலும் இன்றுவரை கெடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துடைத்தால் கறை போகிறது, குழந்தைகள் கிறுக்கியதும் ஈரத்துணியில் வந்துவிடுகிறது. பொருளில் குறையில்லை; அது ஓதம் ஏறும் சுவருக்கான பொருள் அல்ல.

பிவிசி பேனலைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்தே இருக்கிறது. மரச்சட்டம் அடித்து அதன்மேல் பொருத்திக் கொடுத்தார்கள். வெளிப்பக்கம் பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாமல் பளபளவென்றே இருந்தது. ஒரு மழைக்காலத்துக்குப் பின் அந்த அறையில் ஒருவித மக்கல் வாடை நிலைத்துவிட்டதால் கழற்றிப் பார்த்தோம். பின்புறச் சுவர் முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. மரச்சட்டங்களில் கறையான் மண்வழி அமைத்து மேலே ஏறியிருந்தது. ஈரச் சுவரை மறைப்பதற்கென்றே இந்தப் பேனல்களைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் உறங்கும் அறையில் அப்படி மறைப்பதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

மாடி அறையின் வால்பேப்பர் இரண்டு விதமாக நடந்துகொண்டது. அறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் ஒட்டியது இன்னும் அப்படியே இருக்கிறது. மழைச்சாரல் நேராக மோதும் கிழக்கு வெளிச்சுவரில் ஒட்டியதோ, இணைப்புக் கோடுகளில் வாய் பிளந்து, ஓரங்களில் சுருண்டுவிட்டது.

டெக்ஸ்சர் பூச்சு கூடத்துக்கு உண்மையில் அழகு சேர்த்தது. ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும் சுவரில்தான் அதன் மேடு பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். நேர் எதிர்ச்சுவரில் பூசினால் செலவு மட்டுமே மிஞ்சும். சம்பா அறுவடையின்போது எந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசு அதன் வரிகளுக்குள் புகுந்து படிந்துவிடுகிறது, ஒட்டடைக் கம்பால் தட்டினால் போவதில்லை. மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. வயலுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் ஆழமான வரிகளைத் தவிர்த்து மணல்பரப்பு போன்ற மெல்லிய வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இப்போது சுண்ணாம்புக்கு வருகிறேன். நடையின் காவிச்சுவரும் வடக்குச் சுவரைப் போலவே ஓதம் ஏறும் சுவர்தான். அங்கே கொப்புளம் வந்ததில்லை, உரிந்ததும் இல்லை. மழைக்காலத்தில் அடிப்பகுதி சற்றுக் கருத்துத் தெரியும், தை பிறந்து காய்ந்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். மேலே பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும். சுண்ணாம்பு படலமாக மூடாமல் துளைகளைத் திறந்தே விடுவதால் ஈரம் தடையின்றி வெளியேறுகிறது. காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று அது மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. புதிதாகப் பூசியபோது அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிப்பதில்லை. இதைப் பார்த்த பிறகே 2019இல் வடக்குச் சுவரின் அடிப்பகுதியில் நான்கடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை ஒரு கோடை முழுவதும் காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் சேர்த்த காரை பூசச் சொன்னோம். “காரைக்கு மேல பட்டி பார்க்காதீங்கம்மா, பார்த்தா பழைய கதைதான்” என்று வயதான கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார். அவர் பேச்சைக் கேட்டோம். அந்தச் சுவர் அதன்பின் எங்களுக்கு வேலை வைக்கவில்லை.

பூசும் முறையில்தான் இதன் வெற்றி இருக்கிறது. நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துக்கொண்டு, சுண்ணாம்பு மட்டையால் மூன்று மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். வேலையைக் குறைப்பதற்காகத் தடிமனாக ஒரே பூச்சில் அடித்தால் வெடித்துப் பொருக்காக உதிரும். ஏற்கெனவே எமல்ஷனோ பட்டியோ உள்ள சுவரில் இது பிடிக்காது. அவற்றை முழுவதும் சுரண்டியாக வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் என்பதால் குழந்தைகளை அருகில் விடக் கூடாது, கண்ணுக்குக் கட்டாயம் காப்பு வேண்டும். குறைகளும் உண்டு. சாய்ந்தால் துணியில் ஒட்டுகிறது, எண்ணெய்க் கறை போகவே போகாது, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மேல்பூச்சு தேவைப்படுகிறது. சமையலறைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறத்தைப் பொறுத்தவரை, இந்த மண்ணின் வெளிச்சத்தை எந்த வண்ண அட்டையும் காட்டுவதில்லை. நாற்று நட்டுப் பயிர் எழும்பிய மாதங்களில் வயலிலிருந்து எதிரொளிக்கும் பச்சை எங்கள் கூடத்தின் வெள்ளைச் சுவரில் நன்றாகவே தெரியும். அறுவடை முடிந்த பின் அதே சுவர் பழுப்பு கலந்து தோன்றும். குளிர்ந்த சாம்பல் நிறங்கள் பச்சை எதிரொளியில் நோயாளி முகம்போல வெளிறிவிடுகின்றன. காவி, மண்மஞ்சள், தந்த நிறம் ஆகியவை இரண்டு பருவங்களையும் தாங்குகின்றன. இரவில் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும் 6500 கெல்வின் எல்இடி விளக்கில் காவி மங்கிப் பழுப்பாகிறது. மஞ்சள் கலந்து ஒளிரும் 3000 கெல்வின் விளக்குக்கு மாற்றியதும் அதே சுவர் உயிர் பெற்றது. ஆகையால் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக உண்மையான சுவரிலேயே அடித்து, காலை, உச்சிவேளை, விளக்கு வைத்த பின் என்று சில நாட்கள் பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டும்.

நிறம் நிலைத்து நிற்பதும் முக்கியம். காவியும் மண்மஞ்சளும் இரும்பு ஆக்சைடுகள். வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாதவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உட்பாதையில், 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் நாயக்கர் கால ஓவிய அடுக்குக்குக் கீழே மறைந்திருந்தவை. சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்ட அவற்றிலும் காவி, மண்மஞ்சள், கருமை, சுண்ணாம்பு வெண்மை ஆகிய நிறங்களே மேலோங்கி நிற்கின்றன. அவற்றின் அச்சுப்படங்களைப் பார்த்துத்தான் நடையின் காவிக்கு மேலே தந்த வெண்மையும், இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு கரிக்கோடும் வைத்தோம். நவீனமான மரச்சாமான்களுக்கும் சிவப்பு ஆக்சைடு தரைக்கும் அது ஒருசேரப் பொருந்தியிருக்கிறது.

அடுத்து, பேனல் கழற்றிய படுக்கையறைச் சுவரில் வேலை இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை ஒட்டி மார்கழியில் தொடங்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அப்போது சுவர் உள்ளே இன்னும் நனைந்தே இருக்கும். பங்குனியில் பூச்சைக் கொத்தி, செங்கல்லைத் திறந்த நிலையில் காயவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன் வைகாசிக்குள் காரை பூசி முடிப்பதாகத் திட்டம். நான்கடிக்குக் கீழே காவிச் சுண்ணாம்பும் அதற்கு மேலே இப்போதுள்ள எமல்ஷனும் இருக்கும்.