கூகுள் ஷீட்டா, ஈஆர்பியா, சொந்த டேட்டாபேஸா: பல்கலைக்கழகப் புள்ளிவிவரத்துக்கு எது தாங்கும்?

"மொத்தம் எத்தனை மாணவர்கள்?" இந்தக் கேள்விக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே நேரத்தில் மூன்று சரியான பதில்கள் இருக்கலாம். அகில இந்திய உயர்கல்வி ஆய்வான ஐஷே, ஒரு குறிப்புத் தேதியில் இருந்த எண்ணிக்கையைக் கேட்கும். பல ஆண்டுகள் அந்தத் தேதி செப்டம்பர் 30. நாக் தர மதிப்பீட்டின் ஆண்டறிக்கைக்குக் கல்வியாண்டு கணக்கு வேண்டும். என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு மாணவர் எண்ணிக்கை கல்வியாண்டுப்படியும் செலவு ஏப்ரல்–மார்ச் நிதியாண்டுப்படியும் போக வேண்டும். போதாதற்கு தமிழக அரசின் யுமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியாக ஏற வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை அதை நம்பித்தான் இருக்கிறது.

குமரி மாவட்டக் கல்லூரிகளில் பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. குமாரகோவிலில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. யாராக இருந்தாலும் மேலே சொன்ன கேள்விகளுக்குத் தப்ப முடியாது. எனவே எந்த மென்பொருளை எடைபோட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: குறிப்பிட்ட தேதியின் கணக்கை உறைய வைத்து, இரண்டு வருடம் கழித்துக் கேட்டாலும் அதே எண்ணைத் தருமா? டாஷ்போர்டின் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கூகுள் ஷீட்

இன்றே தொடங்கலாம், காசு இல்லை, துறை அலுவலகத்தில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரியும். இந்த மூன்றும் சின்ன விஷயம் இல்லை. கொள்ளளவும் பிரச்சினை இல்லை. 8,000 மாணவர், ஆளுக்கு 40 கட்டம் என்றால் 3.2 லட்சம் கட்டம். வருடத்துக்கு இரண்டு நகல், ஐந்து வருடம் என்று வைத்தால் 32 லட்சம். ஒரு ஷீட்டின் வரம்பு 1 கோடி.

அடி விழுவது வேறு இடத்தில். 14 இலக்கப் பதிவெண்ணை எக்ஸெல்லில் திறந்தால் 2.02E+13 என்று சுருங்கிவிடும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக்கோப்பாக) சேமித்தால் எண் போனது போனதுதான். 05/06/2004 என்ற பிறந்த தேதி ஒரு கணினியில் ஜூன் 5, இன்னொன்றில் மே 6. டிராப்டவுன் வைத்திருந்தாலும் வேறு ஷீட்டிலிருந்து ஒட்டினால் அந்தக் கட்டுப்பாடு காற்றில் போய்விடும். ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து யாராவது வரிசைப்படுத்திவிட்டால் பெயர் ஒருவருடையது, சாதிப்பிரிவு இன்னொருவருடையது. இதை யாரும் மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை. பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்களும் யூனிகோடுக்கு மாற்றாமல் வந்தால் வெறும் குப்பை எழுத்தாகவே ஏறும்.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பேர் படிக்கும் ஒரே கல்லூரிக்கு இது போதும். ஆனால் பதிவெண் நெடுவரிசையை முதலிலேயே 'உரை' வடிவத்துக்கு மாற்றுங்கள், தேதியை 2004-06-05 என்று மட்டும் எழுத வையுங்கள், குறிப்புத் தேதியன்று முழு ஷீட்டையும் நகலெடுத்து, திருத்த முடியாதபடி பூட்டுங்கள்.

விலைக்கு வாங்கும் ஈஆர்பி

ஈஆர்பி என்பது கல்லூரி நிர்வாகம் முழுவதையும் கையாளும் மென்பொருள். சேர்க்கை, கட்டணம், வருகை, தேர்வு எல்லாம் ஒரே இடத்தில் பதிவாவதால் தரவு வேலை நடக்கும் இடத்திலேயே பிறக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஈஆர்பிக்கு மதிப்பு உண்டு. சறுக்குவது அறிக்கையில். ஐஷே படிவத்தில் ஒரு கட்டம் மாறினாலும் நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். இன்றைய நிலை மட்டும் தெரியும். போன செப்டம்பரில் இருந்த நிலை பல மென்பொருள்களில் கிடைக்காது, மாணவர் டிசி வாங்கியதும் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடுவதால்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்க வேண்டியவை: எல்லா டேபிளையும் சிஎஸ்வியாக எடுக்கும் வசதி, டேட்டாபேஸைப் படிக்க மட்டும் ஒரு லாகின், ஒப்பந்தம் முடிந்தால் முழுத் தரவும் எத்தனை நாளில் கைக்கு வரும் என்ற வரி. இவற்றுக்கு "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.

போஸ்ட்கிரெஸ், மேலே மெட்டாபேஸ் அல்லது சூப்பர்செட்

இதுதான் சொந்த டேட்டாபேஸ் வழி. தரவு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கும்; மெட்டாபேஸும் சூப்பர்செட்டும் அதிலிருந்து அறிக்கையும் டாஷ்போர்டும் காட்டும் கருவிகள். இலவசப் பதிப்பை எடுத்தால் மென்பொருள் செலவு இல்லை. 2 கோர், 4 ஜிபி ராம் உள்ள சர்வர் பத்தாயிரம் மாணவர் கணக்குக்கு மெட்டாபேஸுடன் தாராளம். சூப்பர்செட் கொஞ்சம் கனம். அடிக்கடி கேட்கும் பதில்களைத் தற்காலிகமாகச் சேமிக்க ரெடிஸ், நேரம் குறித்து அறிக்கை அனுப்ப செலரி என்று துணை மென்பொருள்களைக் கேட்கும்.

இரண்டில் எது என்பதை அனுமதி விஷயம்தான் தீர்மானிக்க வேண்டும். வேதியியல் துறைத் தலைவர் தன் துறை மாணவர்களின் வரிகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால், வரிவாரியான அந்தக் கட்டுப்பாடு மெட்டாபேஸில் காசு கட்டும் பதிப்பில்தான் உண்டு. சூப்பர்செட் அதை இலவசமாகவே தருகிறது. பதிலாக, உள்நுழைவைக் காக்கும் அதன் ரகசியச் சாவியை இயல்புநிலையில் விட்டுவிடக் கூடாது; 2023இல் வெளியான பாதுகாப்பு ஓட்டை அப்படி விடப்பட்ட சர்வர்களைத்தான் திறந்து காட்டியது. மெட்டாபேஸ் வைப்பவர்கள் செய்யும் பெரிய பிழை, அதன் உள்கணக்கை (பயனர், டாஷ்போர்டு விவரங்களை) அதனுடனேயே வரும் எச்2 என்ற சிறு டேட்டாபேஸ் கோப்பிலேயே விட்டுவிடுவது. மெட்டாபேஸ் ஓடும் டாக்கர் கன்டெய்னரை (மென்பொருளை அடைத்து வைத்து ஓட்டும் பெட்டியை) அழித்துப் புதிதாக ஏற்றும் நாளில், வெளியே சேமித்து வைக்காவிட்டால், கட்டிய டாஷ்போர்டு எல்லாம் சேர்ந்து போய்விடும். முதல் நாளே அதையும் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றுங்கள்.

இந்த வழியின் பலம் 'உறைநிலை டேபிள்'. பதிவெண், குறிப்புத் தேதி, பாடப்பிரிவு, ஆண்டு, பாலினம், சேர்க்கைப் பிரிவு, சாதிச் சான்றிதழ்ப் பிரிவு, நிலை ஆகியவை நெடுவரிசைகள். குறிப்புத் தேதி இரவு ஒரே கட்டளையில் எல்லா வரிகளும் இதில் நகலாகும். பிறகு இந்த டேபிளில் யாருக்கும் திருத்தும் அனுமதி கிடையாது. தவறு தெரிந்தால் காரணத்துடன் புது வரி. 'நிலை'யில் படிக்கிறார், டிசி வாங்கியவர், இடைநின்றவர், அரியர் மட்டும் எழுதுபவர் என்று பிரித்து வைக்க வேண்டும். எண்ணிக்கை கூடிப்போவதற்கு அரியர்காரர்களைச் சேர்த்து எண்ணுவதுதான் வழக்கமான காரணம்.

சாதிப்பிரிவுக்கு ஏன் இரண்டு நெடுவரிசை? இங்கேதான் குமரி மாவட்டம் மற்ற மாவட்டங்களிலிருந்து வேறுபடுகிறது. மாநிலக் கணக்கு ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி/டிஎன்சி, எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி என்று போகும். ஐஷே கேட்பது பொது, ஓபிசி, எஸ்சி, எஸ்டி, இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்தோர்). பிசியை எல்லாம் கூட்டி ஓபிசி என்று போட்டுவிட முடியாது, மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் வரிக்கு வரி ஒன்றல்ல. அதோடு, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த பகுதி என்பதால், மாநிலப் பட்டியலில் சில சாதிகள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும் என்றே குறிக்கப்பட்டுள்ளன. ஆக மாநிலப் பிரிவை ஐஷே பிரிவாக மாற்றும் டேபிளில், வரியை அடையாளம் காட்டும் சாவி சாதிப்பெயர் மட்டுமாக இருந்தால் தப்பாகும். சாதிப்பெயரோடு சான்றிதழ் கொடுத்த வட்டமும் சேர வேண்டும். மாவட்டப் பெயரை வைத்தால் செங்கோட்டை சிக்கும்: அது 2019 வரை நெல்லை, இப்போது தென்காசி. களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்திலிருந்து வரும் மாணவர் இங்கே ஓசியாகச் சேர்ந்திருப்பார், கையில் கேரள ஓபிசி சான்றிதழ் இருக்கும். ஈஆர்பியின் ஒற்றை டிராப்டவுனில் இவர் தொலைந்துபோவார்.

இந்த வழியின் பலவீனம் ஆள். எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதத் தெரிந்த ஒருவர் நிரந்தரப் பணியில் இல்லாவிட்டால் இதைத் தொடவே கூடாது. இறுதியாண்டு மாணவர்களை வைத்துக் கட்டினால் அவர்கள் போனதும் அதுவும் போய்விடும்.

பல துறைகளும் பல ஆயிரம் மாணவர்களும் உள்ள இடத்துக்கு எங்கள் பரிந்துரை: பதிவு ஈஆர்பியில் நடக்கட்டும், அறிக்கை போஸ்ட்கிரெஸில் இருக்கட்டும். தினமும் இரவு படிக்க மட்டுமான லாகின் வழியாகத் தரவை இழுத்துக்கொள்ளலாம். ஆதார் எண்ணை இழுக்க வேண்டாம். மாணவர் எண்ணிக்கை அறிக்கைக்கு அது தேவையே இல்லை.

பேக்கப்பை வளாகத்துக்கு உள்ளேயே வைக்காதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இரவுதோறும் பிஜிடம்ப் (போஸ்ட்கிரெஸின் முழு நகல்) எடுத்து, சங்கேதமாக்கி, மாவட்டத்துக்கு வெளியே உள்ள சர்வருக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் மீட்டு ஏற்றி, உறைநிலை டேபிளின் வரிகளை எண்ணி, பழைய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.