ஓராண்டு நரம்பு-தசை ஃபெலோஷிப்: எதைப் பார்த்துச் சேரலாம்?

நரம்பியல் முடித்தவர்களுக்கான இந்தப் பயிற்சிக்கு உயிர்நாடி, தசையில் ஊசி செருகி அதன் மின் செயல்பாட்டை அளக்கும் இ.எம்.ஜி. அறைதான். ஊசி ஃபெலோ கையில் இருக்கிறதா, பக்கத்தில் நின்று பார்ப்பதோடு சரியா என்று முதலில் விசாரியுங்கள்.

நல்ல இடத்தில் முதல் பாடமே வெப்பமானி. கை 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தால் நரம்பின் கடத்தல் வேகம் குறையும், பதிவாகும் மின் அலையின் உயரமோ கூடும். சூடேற்றாமல் அளந்தால் இல்லாத நரம்பு நோயை அறிக்கையில் எழுதிவிட நேரும். நரம்பின் செய்தி தசைக்குச் சரியாகச் சேராத மயஸ்தீனியா நோயில் தவறு எதிர்ப்பக்கம் போகும்: நரம்பை நொடிக்கு 3 முறை தூண்டும்போது தெரிய வேண்டிய, அலை உயரத்தில் 10 சதவீதத்தைத் தாண்டும் சரிவு, குளிர்ந்த தசையில் மறைந்துவிடும். இதை ஒவ்வொரு நோயாளியிடமும் கேட்டுத் துளைக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

திசுப் பரிசோதனைதான் பல இடங்களில் மெலிவு. அறிக்கை படித்தால் போதாது. தசைத்துண்டை, திரவ நைட்ரஜனில் குளிர்வித்த ஐசோபென்டேன் திரவத்தில் உறையவைப்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும். மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் இழைகளில் ஓட்டை போட்டுவிடும். பழகாத கண்ணுக்கு அது நோய் போலவே தெரியும்.

மரபணு ஆலோசனையும், தசையை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதையும் ஏ.எல்.எஸ். நோயாளிகளின் மூச்சுத்திறன் அளவீடும் கிளினிக்கிலேயே நடக்க வேண்டும். ஊசி வேலை மட்டும் தரும் இடத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.